‘ஆப்புதா’ என்றால் எந்த வலி?

கொரிய மொழி வகுப்பின் நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் மாணவர் கைக்கு ஒரு தாள் வந்து சேரும். ‘உணர்ச்சிகளும் உடல்நிலையும்’ என்பது அதன் தலைப்பு. இடப்பக்கம் கொரியச் சொற்கள், வலப்பக்கம் அவற்றுக்கு நேராக ஆங்கிலச் சொற்கள், நடுவே சிரிக்கும், அழும், வியர்க்கும் மஞ்சள் முகங்கள். தில்லியாயினும் சென்னையாயினும் தாள் பெரிதாக மாறுவதில்லை. அடுத்த வாரம் அதன்மீது ஒரு சிறுதேர்வு நடக்கும். இருபது சொல்லுக்கு இருபது மதிப்பெண். அத்தோடு உணர்ச்சி முடிந்தது. பாடம் பேருந்து நிலையத்துக்கு நகர்ந்துவிடும்.

இந்த நிலத்தின் அறிவுலகம் உணர்ச்சியைப் பற்றி எப்படிச் சிந்தித்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் இந்தத் தாள் நகைப்புக்கிடமாகிறது. 1559இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இ ஹ்வாங், கி தே-சுங் என்ற இரு கொரிய அறிஞர்கள், மனித உணர்ச்சிகள் எங்கிருந்து எழுகின்றன, அறவுணர்வுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று கடிதங்களில் வாதிட்டனர். நான்கு-ஏழு விவாதம் என்று பெயர்பெற்ற அந்தச் சர்ச்சை கொரியத் தத்துவ வரலாற்றின் நடுத்தூண்களில் ஒன்று. அம்மொழியின் உணர்ச்சிச் சொற்கள் இந்திய மாணவருக்கு மஞ்சள் முகங்களாக வந்து சேர்கின்றன.

எனினும் எளிமைப்படுத்தல் இங்கே முதற்குற்றமன்று. தொடக்கநிலை வகுப்பு எளிமையாகத்தான் இருக்க வேண்டும். குற்றம் அந்த வலப்பக்கப் பத்தியில் இருக்கிறது. இந்திய மாணவருக்குத் தம் தாய்மொழி வழியாக ஏற்கெனவே தெரிந்திருக்கும் ஒன்றை ஆங்கிலப் பத்தி மறைத்துவிடுகிறது. மறைத்தபின், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் செய்யும் பிழைகளை அவருக்குப் புதிதாகக் கற்பித்துத் தருகிறது.

தாளின் முதல் வரிகளையே பார்க்கலாம். ‘ச்சுப்தா’, ‘ச்சாகப்தா’ இரண்டுக்கும் எதிரே ‘கோல்ட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் நிற்கும். ‘தொப்தா’, ‘துகொப்தா’ இரண்டுக்கும் ‘ஹாட்’. மாணவர் இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கருதி மனப்பாடம் செய்கிறார். பிறகு பனிக்கட்டி போட்ட தண்ணீரை ‘ச்சுப்தா’ என்கிறார், மே மாத வெயிலை ‘துகொப்தா’ என்கிறார். உண்மையில் முதற்சொல் உடல் முழுதும் உணரும் குளிர். இரண்டாம் சொல் தொட்டறியும் தண்மை. தமிழில் எவரும் இவ்விரண்டைக் குழப்புவதில்லை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதும் ‘தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது’ என்பதும் வேறு வேறு. அவ்வாறே ‘வெக்கையாக இருக்கிறது’ என்பதன் இடத்தில் ‘சுடுகிறது’ என்பதைப் போட்டால் கேட்பவர் எதைத் தொட்டாய் என்று கேட்பார். மூன்று வயதில் தமிழ்க் குழந்தைக்குக் கைவந்த வேறுபாட்டை, இருபத்திரண்டு வயதில் பட்டதாரி ஆங்கிலத்தின் வழியாகச் சென்று தொலைக்கிறார்.

வாக்கிய அமைப்பில் இழப்பு இன்னும் பெரிது. பசி, குளிர், வலி ஆகியவற்றை ஆங்கிலம் பெரும்பாலும் ‘இருத்தல்’ வினையோடு ஒரு பெயரடையைச் சேர்த்துச் சொல்லும். கொரியத்தில் அந்தப் பெயரடையே வினைபோல விகுதி ஏற்று வாக்கியத்தை முடிக்கும். துணைக்கு வேறொரு ‘இரு’ தேவையில்லை. ஆங்கிலப் பத்தியில் பழகிய மாணவர் இல்லாத ‘இரு’வைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டவைக்கிறார், ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார், இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. பசிக்கிறது, வலிக்கிறது, கசக்கிறது, குளிர்கிறது, புளிக்கிறது என்று ஆங்கிலம் பெயரடை வைக்கும் இடங்களிலெல்லாம் வினை வைத்துப் பேசும் மாணவருக்கு இந்தப் பிழை நேரவே காரணமில்லை. பிழை இரவல் வாங்கியது.

தலைவலியை எடுத்துக்கொள்ளலாம். கொரியர் ‘நா-நுன் மொரி-கா ஆப்புதா’ என்பர். ‘மொரி’ என்பது தலை. அதுவே வினைக்கு எழுவாய். வலிப்பவர் ‘என்னைப் பொறுத்தவரை’ என்பதுபோல வாக்கியத்தின் வாயிலில் நிற்கிறார். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதிலும் தலைதான் வலிக்கிறது. ஆள் நான்காம் வேற்றுமையேற்று ஓரமாக நிற்கிறார். உருபு வேறு, ஆயினும் பார்வை ஒன்று. ஆங்கிலமோ தலைவலியை ஓர் உடைமையாக்கி ஆளின் கையில் கொடுத்துவிடும். அப்படிச் சொல்லும் வாக்கியம் கொரியத்திலும் உண்டு. அதில் மருத்துவமனைப் படிவத்தின் வாடை வீசும். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் மாணவர் தோழியிடம் பேசும்போதும் படிவ மொழியே பேசுகிறார்.

இது தமிழின் தனிச்சொத்து என்று யாரும் மார்தட்ட வேண்டியதில்லை. இந்தியில் ‘முஜே’, மலையாளத்தில் ‘எனிக்கு’, தெலுங்கில் ‘நாக்கு’, கன்னடத்தில் ‘நனகே’, மராத்தியில் ‘மலா’, நேபாளியில் ‘மலாய்’ என்று தொடங்கித்தான் பசியும் குளிரும் சொல்லப்படுகின்றன. வங்காளம் இவ்விடத்தில் ஆறாம் வேற்றுமையை ஆளும். அங்கும் ஆள் எழுவாய் ஆவதில்லை. காலின் மாசிகா 1976இல் தெற்காசியாவை ஒரு மொழிவட்டாரமாக வரையறுக்க முயன்ற நூலில் அலசிய பண்புகளுள் இதுவும் ஒன்று. மொழியியல் மாணவர் அனைவரும் தேர்வுக்காக இதைப் படித்திருக்கிறார்கள். கொரிய வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் அந்த அறிவு செருப்போடு வாசலில் விடப்படுகிறது.

இனி, தாள் சொல்லவே சொல்லாத செய்தி ஒன்று. ‘சுல்ப்புதா’ என்பதன் எதிரே ‘வருத்தம்’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் இருக்கும். மாணவர் தம் தாயைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘அம்மா சுல்ப்புதா’ என்று எழுதுவார். ஆங்கிலத்தில் இதற்கு நேரான வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. கொரியர் காதிலோ அது உறுத்தும். காரணம், இச்சொற்கள் இயல்பான பேச்சில் தன்மைக்கே உரியவை. என் குளிர் எனக்குத் தெரியும். உன் குளிரை நான் கேட்டறியலாம், ஆகவே முன்னிலையில் வினாவாக வரும். அவள் குளிரை நான் எப்படி அறிந்தேன்? படர்க்கைக்குச் செல்லும்போது கொரியம் சொல்லையே மாற்றச் சொல்கிறது. ‘சுல்ப்புதா’ என்பது ‘சுல்ப்பொஹாதா’ ஆக வேண்டும். ‘முசொப்தா’ என்ற அச்சம் ‘முசொவொஹாதா’ ஆக வேண்டும். ‘ச்சுப்தா’ என்ற குளிர் ‘ச்சுவொஹாதா’ ஆக வேண்டும். இவை வெளியே தெரியும் நடத்தையைச் சொல்பவை. இல்லையேல் ‘போலிருக்கிறது’, ‘தோன்றுகிறது’ என்று முடிக்க வேண்டும். ‘ஆப்புதா’ சற்று நெகிழ்வானது. உடல்நலமின்மை என்ற பொருளில் தம்பிக்கும் தங்கைக்கும் தயக்கமின்றி வரும். ஏனையவற்றில் பிறர் நெஞ்சுக்குள் புகுந்து சாட்சி சொல்லப் பேச்சிலக்கணம் விடுவதில்லை. ஜப்பானியத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. 1973இல் எஸ். ஒய். குரோடா அதை ஆராய்ந்து, கதை சொல்லும் நடையில் இந்தத் தடை தளர்வதைக் காட்டினார். பாத்திரத்தின் உள்ளம் கதைசொல்லிக்குத் திறந்திருக்கிறது. இலக்கணம், அறிவாய்வியல், இலக்கிய நடை மூன்றும் ஒரே விகுதியில் சந்திக்கும் இடம் இது. ஒரு மாணவரை வாழ்நாள் முழுதும் மொழியியலில் கட்டிப்போட வல்ல செய்தி. இருபது சொல்லுள் ஒன்றாக அதைத் தாண்டிப் போகிறது வகுப்பு.

தமிழ் இந்தக் கட்டுப்பாட்டை விதிப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ‘அம்மாவுக்குக் குளிர்கிறது’ என்று எவரும் சொல்லலாம். ஆயினும் கொரியம் கேட்கும் இரண்டு அறைகளும் தமிழில் கட்டி முடிக்கப்பட்டிருக்கின்றன. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பது உள்ளிருந்து வருவது. ‘அவன் பயப்படுகிறான்’ என்பது வெளியிலிருந்து பார்ப்பது. வருத்தம், வருத்தப்படு; ஆசை, ஆசைப்படு; கூச்சம், கூச்சப்படு என்று இந்த இணை முறையாக ஓடுகிறது. கொரியத்தின் ‘ஒஹாதா’வைத் தமிழின் ‘படு’வோடு வைத்து விளக்க ஐந்து நிமிடம் போதும், பிறகு, ‘தமிழில் விருப்பமாக உள்ளது கொரியத்தில் சட்டமாக உள்ளது’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பாடம் முடிந்தது. தாளிலோ ‘ஜோத்தா’, ‘ஜோவாஹாதா’ என்ற பிடித்தல் இணைகூட ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு சொற்களாக வேறு வேறு வரிசையில் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ஒன்று பெயரடையாகவும் மற்றது வினையாகவும் இருப்பதே காரணம்.

உடலுறுப்புகளுக்கு வந்தால் வலப்பக்கப் பத்தியின் வறுமை முற்றும் வெளிப்படும். கொரியப் பழமொழி ஒன்று, பங்காளி நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும் என்கிறது. பாடநூல் இதை ஆங்கிலத்தில் ‘பொறாமை’ என்று விளக்கி, கொரியப் பண்பாட்டின் விசித்திரமாகப் பெட்டிக்குள் அச்சிடும். வயிற்றெரிச்சல் என்றும் பங்காளிக் காய்ச்சல் என்றும் நாளும் பேசும் மாணவர் அந்தப் பெட்டியை வியப்போடு வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது! கவலை மிகும்போது கொரியருக்கு ‘ஏ’ எரியும். குடலைக் குறித்த பழஞ்சொல் அது. தமிழ்நாட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்காத தாய் யார்? பேரச்சத்தில் கொரியரின் ஈரல் அவரை விதையளவு சுருங்கும். இங்கே ஈரக்குலை நடுங்கும். துணிந்தவனுக்கு அங்கே ஈரல் பெரிது, இங்கே நெஞ்சழுத்தம். உணர்ச்சியை மெய்யின்கண் தோன்றுவதாக வைத்து மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்த தொல்காப்பியத்தின் மாணவர்களுக்கு, உணர்ச்சி என்பது மூளைக்குள் நிகழ்வது என்பதுபோன்ற ஆங்கிலப் பட்டியலின் வழியாகக் கொரிய வயிறு அறிமுகமாகிறது.

இவையெல்லாம் இலக்கிய இன்பத்துக்கான ஒப்பீடுகள் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் ஒரு மருத்துவமனையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் இந்திய மாணவர் பலர் உயர்கல்விக்காகக் கொரியா செல்கின்றனர். இலங்கை, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் கொரியத் தேர்வெழுதித் தேறி, ஒப்பந்த முறையில் அங்குள்ள தொழிற்சாலைகளுக்கும் பண்ணைகளுக்கும் போகின்றனர். அவர்களுள் ஒருவர் நள்ளிரவில் மருத்துவர் முன் உட்கார்ந்து ‘ஆப்பாயோ’ என்கிறார். எப்படி வலிக்கிறது என்பது மருத்துவரின் அடுத்த கேள்வி. ‘சுசிதா’வா, ‘சுரிதா’வா, ‘ஜொரிதா’வா, ‘கியொல்லிதா’வா? தாளில் வலிக்கு ஒரே சொல்தான் இருந்தது. அவர் மீண்டும் ‘ஆப்பாயோ’ என்கிறார். அவருடைய மொழியிலோ குடைச்சல், எரிச்சல், மரத்துப்போதல், பிடிப்பு என்று நான்குக்கும் நான்கு சொற்கள் வரிசையாக இருக்கின்றன. மேலும் கடுப்பு, குத்தல், இழுப்பு, பிசைதல் என்று கையிருப்பும் உண்டு. வயிறு எரிவதும் வயிறு பிசைவதும் மருத்துவருக்கு ஒன்றன்று. ‘மோம்சல்’ என்ற கொரியச் சொல்லை ஆங்கிலத்தாள் ஃபுளு காய்ச்சலாக்கிவிடுகிறது. ஓயாத உழைப்புக்குப் பின், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலித்து, நடுக்கத்தோடு காய்வது அது. அடித்துப் போட்டாற்போல் என்றே கொரியரும் சொல்வர்.

இதனோடு சேர்ந்ததே ஒலிக்குறிப்புச் சொற்களின் நிலை. நெஞ்சு ‘துகுன்துகுன்’ என்று அடிக்கும். தலை ‘ஜிக்குன்ஜிக்குன்’ என்று தெறிக்கும். காய்ச்சலுக்குமுன் உடல் ‘உசுல்உசுல்’ என்று நடுங்கும். அடிபட்ட இடம் ‘உக்ஷின்உக்ஷின்’ என்று வலிக்கும். பாடநூல்கள் இவற்றை மேல்நிலை வகுப்புக்கு ஒதுக்குகின்றன. ஆங்கிலம் பேசுவோருக்கு இவை அரிது என்பதற்கு மேல் இந்த ஒதுக்கீட்டில் நியாயம் தென்படவில்லை. படபட, விண்விண், வெடவெட, சுருக்சுருக் என்று பேசுவோருக்கு இவை முதல்மாதப் பாடம். இரட்டைக்கிளவியிலிருந்து ‘படபடக்கிறது’ என்று வினை செய்வதுபோலவே கொரியம் ‘கொரிதா’ சேர்த்து ‘துகுன்கொரிதா’ என்று வினை செய்யும். இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்கள் குடும்ப எல்லை கடந்த வட்டாரப் பண்பு என்பதை எமனோ 1969இலேயே விரிவாக எழுதிவிட்டார்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். ரோமன் எழுத்தில் ‘இ’யும் ‘யு’வும் சேர்த்து எழுதப்படும் கொரிய உயிரைக் கண்டு மாணவர் ‘ஆபெயுடா’ என்று படிக்கின்றனர். அது ஏறக்குறையக் குற்றியலுகரம். ‘காசு’ என்பதன் ஈற்றைச் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த உயிரைச் சொல்லித்தர வேண்டியதேயில்லை.

ஆங்கிலத் தாளின் மறுபக்கத்தில் இன்னொரு வணிகம் நடக்கிறது: மொழிபெயர்க்கவே இயலாத சொற்களின் வணிகம். ‘ஹான்’, ‘ஜொங்’, ‘நுன்ச்சி’ ஆகியவை எம்மொழியிலும் அடங்காத கொரிய ஆன்மாவாகக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. கல்விப்புலத்தினரும் இதற்குத் தலையாட்டுகின்றனர். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில், யானகி முனெயோஷி என்ற ஜப்பானியக் கலை விமர்சகர் கொரியக் கலையின் சாரம் துயரத்தின் அழகு என்று எழுதினார். தேசிய ஆன்மாவாக இன்று கொண்டாடப்படும் ‘ஹான்’ உருப்பெற்றதில் அந்தக் காலனியப் பார்வைக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். சொல்லின் வரலாற்றைப் படிக்காமல் அதன் முன் கைகூப்புவது ஆய்வாளருக்கு அழகன்று. மேலும், ஆங்கிலத்தில் அடங்காதது என்பதற்கு உலகில் எங்கும் அடங்காதது என்று பொருள்கொள்வது வேடிக்கையான அடிமைத்தனம். ‘தப்தப்ஹாதா’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒருசொல் இல்லையாம். காற்றில்லா அறைக்கும் சொல்ல முடியாத மனநிலைக்கும் ஒருசேரப் பொருந்துகிறதாம். புழுக்கம் என்ற சொல் வேறென்ன செய்கிறது? கொதிக்கும் சாறைக் குடித்துவிட்டு ‘ஷிவொன்ஹாதா’, குளிர்ச்சி, என்கிறார்களாம். வெந்நீரில் குளித்தவருக்கு இதமும், சுடுசோறு தின்றவருக்கு வயிறு குளிர்தலும் உண்டு என்பது தமிழர்க்குப் புதிரா? ‘சொப்சொப்ஹாதா’ என்பது மனத்தாங்கல்: நெருங்கியவர் திருமணத்துக்கு நேரில் வந்து அழைக்காதபோது வருவது, அந்நியரிடம் வராதது. பிரியாவிடையின்போதும் கொரியர் அதையே சொல்வர். அங்கே மனத்தாங்கல் பொருந்தாது, பிரிவின் வெறுமையைத் தேட வேண்டும். ஒப்பீடு எங்கே முறிகிறது என்பதைக் காண்பதே கற்றல். முறிவைக் காண முதலில் ஒப்பிட வேண்டும்.

இவ்விடத்தில் கொண்டாட்டக்காரர் ஒருவர் நிச்சயம் எழுவார்: பார்த்தீர்களா, கொரியர் தமிழரே! ‘அப்பா’ என்று அவர்களும் அழைப்பதைக் காட்டுவார். ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார் என்பது உண்மை. அந்த உறவு நிறுவப்படவில்லை என்பதும் உண்மை. மேற்சொன்ன ஒற்றுமைகள் குருதி உறவைக் காட்டா. அமைப்பு ஒற்றுமைக்குப் பொது மூதாதை தேவையில்லை. இதே ஒற்றுமைகள் இந்தி பேசுவோருக்கும் நேபாளி பேசுவோருக்கும் கைகொடுக்கின்றன என்பதை இவர் கவனிக்க மாட்டார். உண்மையில் இவரும் அந்தத் தாளுக்கே துணைபோகிறார். தாய்மொழி ஒப்பீடு என்றதும் வகுப்பாசிரியர் நகைப்பதற்கு இவரே காரணம்.

ஆங்கிலத்தைக் காப்போரின் வாதங்கள் இரண்டு. ஒரு வகுப்பில் எட்டு மொழிக்காரர் இருக்கையில் பொதுமொழி வேண்டும் என்பது முதலாவது. வேண்டும்தான், ஆனால் விளக்கும் மொழி வேறு, பொருள் எழுதும் பத்தி வேறு. வலப்பக்கப் பத்தியை வெற்றாக விட்டு, ஒவ்வொருவரும் தம் மொழியில் நிரப்பட்டும், பிறகு முறிவுகளைப் பொதுமொழியில் பேசலாம் என்றால் எட்டு மொழி எட்டு மடங்கு வளமாகும். ஆங்கிலத்தின் இடத்தில் இந்தியை அமர்த்துவதும் இதற்கு விடையாகாது. நிரப்பிய பத்தி நிரப்பியதே. தாய்மொழியின் குறுக்கீடு பிழை தரும் என்பது இரண்டாவது வாதம். 1957இல் ராபர்ட் லாடோ எழுதியதன் நெடுநாளைய எதிரொலி அது. ஆங்கிலம் குறுக்கிடாதா? தாய்மொழி எப்படியும் உள்ளே வந்தே தீரும். ஆங்கிலத்தைச் சேர்த்தால் குறுக்கீடு இரண்டாகிறது, உதவி ஒன்றுமில்லாமற் போகிறது. தேர்வைக் காரணம் காட்டவும் வழியில்லை. டோபிக் தேர்வில் வினாவும் கொரியம், விடையும் கொரியம்.

நகைமுரண் என்னவென்றால், இதே வளாகங்களின் மொழியியல் வகுப்புகளில் அன்னா வியர்ஸ்பிட்சுகாவை வாசிக்கிறார்கள். ஆங்கில உணர்ச்சிச் சொற்களை மனித உணர்ச்சிகளின் அளவுகோலாக்கக் கூடாது என்பது அவருடைய வாழ்நாள் வாதம். அதைப் பற்றி ஆங்கிலத்தில் மூவாயிரம் சொல்லில் கட்டுரை எழுதி நல்ல தரமும் பெற்றபின், மாணவர் அடுத்த அறைக்குப் போய்த் தாளை வாங்கிக்கொள்கிறார். 2020 தேசியக் கல்விக் கொள்கை உயர்நிலைப் பள்ளியில் கற்கத்தக்க அயல்மொழிகளுள் கொரியத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அக்கொள்கை குறித்த ஏனைய சண்டைகள் ஒருபுறம் இருக்கட்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் இந்தத் தாள் போய்ச் சேரப்போகிறது.

மாணவரோ தம் வழியை முன்பே கண்டுகொண்டனர். தாளின் ஓரத்தில், கொரியச் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இடையிலுள்ள நூலிழை வெளியில், பென்சிலால் மிகச் சிறிதாகக் ‘குடைச்சல்’ என்றும் ‘புழுக்கம்’ என்றும் எழுதிக்கொள்கின்றனர். பக்கத்து இருக்கையில் அது வங்காளத்திலோ மலையாளத்திலோ இருக்கும். தாளைத் திருப்பித் தரும் நாளில் அதை அழித்துவிடுகின்றனர்.